தையல்காரரின் மனைவி கேட்ட மந்திரம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் கடிதத்தை உன் மனைவி வந்து படித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள். குழந்தை நன்றாக இருக்கிறாள். முன்பல் விழுந்துவிட்டது. "அப்பா எப்ப வருவாரு" என்று கேட்டால் பாதி காற்றாகத்தான் வருகிறது.

நீ தூங்குகிறாய் என்று படித்ததும் பெற்ற வயிறு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன். சிறைக்குத் தியானம் சொல்லிக்கொடுக்க வருகிறவர் உனக்கு ஒரு மந்திரம் கொடுத்தார், கண்ணை மூடி அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தால் முதலில் மனம் அறுத்துக்கொண்டு ஓடுகிறது, பிறகு களைத்துப்போய் உட்கார்ந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய். அந்தச் சத்தம் இப்போதெல்லாம் கேட்பதில்லை என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

என்னையும் செய்து பார்க்கச் சொன்னாய். செய்தேன். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் எனக்கு ஆகவில்லை. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் விரிப்புகளைத் தேய்க்கும்போது, இஸ்திரிப் பெட்டி போகையில் ஒரு தடவை, திரும்புகையில் ஒரு தடவை என்று சொல்லிப் பார்த்தேன். எங்கள் மேற்பார்வைக்காரியை 'சங்கு' என்போம், ஊதினால் மூன்று மாடிக்குக் கேட்கும். அவள் என் உதட்டைப் பார்த்துவிட்டு, "யாரை வாய்க்குள்ள திட்டுற? என்னைத்தானே?" என்றாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். மந்திரம் எனக்கும் பலித்தது. கோர்ட்டில் உன்னைக் கூப்பிட்ட குரல், உன்னைக் கூட்டிப்போன அன்று அக்கம்பக்கத்தில் கதவுகள் சாத்தப்பட்ட ஓசை எல்லாம் தூரத்துக்குப் போய்விட்டன.

அப்படி இருக்கும்போதுதான் வக்கீல் வந்தார். உன்னை முன்னதாகவே விடச் சொல்லி நாம் போட்ட மனு விசாரணைக்கு வருகிறதாம். தையல்காரரின் மனைவி தனக்கு மறுப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் காரியம் முடிந்த மாதிரி என்றார். "நாங்க கேட்டா சட்டம் பேசுற மாதிரி இருக்கும். நீங்க ஒரு அம்மாவாப் போய்க் கேளுங்க" என்றார். நான் வருவதாக அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். முழங்கால் வலியோடு நான் நாலு மாடி ஏற வேண்டாம், தானே வருவதாகப் பதில் சொல்லி அனுப்பினாள். அந்தக் கட்டடத்தில் இப்போது யாரும் லிஃப்டில் ஏறுவதில்லையாம்.

நீ உன் கடிதத்தில் 'அந்தச் சம்பவம்' என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. லிஃப்டைப் பழுது பார்க்க நீ போன இடத்தில் கதவுப் பூட்டின் சுவிட்ச் கெட்டிருந்தது. குடியிருப்புக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். கதவு சாத்தாவிட்டாலும் லிஃப்ட் ஓடும்படி வயரை நேராகச் சேர்த்துவிட்டு, புது சுவிட்ச் வாங்கக் கடைக்குப் போனாய். எச்சரிக்கைப் பலகை உன் பையிலேயே இருந்தது. நீ வாங்கிக்கொண்டு வந்து கீழே நுழையும்போது, தைத்த துணி மூட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு அந்தத் தையல்காரர் நாலாவது மாடியில் கதவைத் திறந்து காலை வைத்தார். லிஃப்ட் அங்கே இல்லை.

அவள் வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். விரல்களில் ஊசி குத்திய தழும்புகள். கணவரின் மிஷினில் இப்போது அவள்தான் தைக்கிறாள். வக்கீல் சொல்லிக்கொடுத்ததை நான் ஆரம்பிப்பதற்குள் அவள் கேட்டாள்.

"உங்க பையன் தூங்குறாராம்மா?"

 தூங்குகிறான் என்றேன். எப்படி என்று கேட்டாள். திட்டுவதற்காகக் கேட்கவில்லை, தாகம் எடுத்தவர் குழாய் எங்கே என்று கேட்பது போலக் கேட்டாள். மந்திரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"எனக்கும் சொல்லித் தர்றீங்களா? மாத்திரை போட்டும் கண்ணு மூடல."

யாரிடமும் சொல்லக் கூடாது, அம்மாவுக்கு மட்டும்தான் என்று நீ எழுதியிருந்தாய். மன்னித்துக்கொள், சொன்னேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணை மூடினோம். என் மகன் சேர்த்த வயரால் தாலி இழந்தவளும் நானும் ஒரே சொல்லை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் மூச்சு சீராகிக்கொண்டு வந்தது எனக்குக் கேட்டது. தோள்கூடத் தளர்ந்தது. திடீரென்று நிறுத்திவிட்டாள்.

"இதைச் சொன்னா காதுல கேக்குற சத்தம் போயிடுமா?"

போய்விடும் என்று என் மகன் எழுதியிருக்கிறான் என்றேன்.

"அப்ப எனக்கு வேணாம்மா" என்றாள். அன்று வாசலில் நின்றுகொண்டு, பித்தான் தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கி வாருங்கள் என்று பின்னாலிருந்து சொன்னாளாம். அவர் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டே, "சரி, சீக்கிரம் வந்துடறேன்" என்றாராம். சொல்லிக்கொண்டேதான் காலை வைத்தார். "கண்ணை மூடினா அதுதான் கேக்குது. அதுக்கப்புறம் வந்த சத்தமும் கேக்குது. ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. சத்தத்தை விட்டா அவர் பேச்சும் போயிடும். அவர் குரல் வேற எங்கயும் இல்ல."

எழுந்துகொண்டாள். என்ன விஷயமாக வரச் சொன்னீர்கள் என்று வாசலில் நின்று கேட்டாள். சும்மா பார்க்கத்தான் என்றேன். அவள் என் கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

வக்கீல் கத்துகிறார். அவள் வாயைத் திறக்காவிட்டால் மனு நிற்காதாம். திரும்பவும் போய்க் கேளுங்கள் என்கிறார். நான் போகப் போவதில்லை. என்னால் முடியாதப்பா. உன் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அன்றிலிருந்து பெட்டி போகிறது, வருகிறது, எனக்கு அந்தச் சொல் வாயில் வருவதில்லை. நீ விட்டுவிடாதே. நீ தூங்க வேண்டும், புத்தி தெளிவாக இருக்க வேண்டும், உனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். ஆனால் மனம் ஓய்ந்து உட்காருகிறது என்றாயே, அப்படி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஒரு தடவை அந்த மனிதரையும் நினைத்துக்கொள். சத்தத்தை அல்ல, அவரை. பித்தான் வாங்கக் கிளம்பியவரை.

உள்ளே இன்னும் நாள் கூடினால் என்னைக் கோபித்துக்கொள். அவளை ஒரு வார்த்தை சொல்லாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிர் காலம் வருகிறது, போர்வை கேட்டு வாங்கிக்கொள். நூறு வயது நன்றாக இரு, கண்ணா. நீ வரும்போது நான் இருப்பேனா என்று மட்டும் எழுதிக் கேட்காதே. இருக்கப் பார்க்கிறேன்.

உன்
அம்மா