மேஜர் காளையின் ரத்தம்

1.11.90 வியாழன்
விடியற்காலையிலிருந்து மழை. ராஜபாளையத்தில் ஐஸ் வாங்கித் தெர்மாஸில் போட்டுக்கொண்டு பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரியில் கையெழுத்து, நேரே வன்னியம்பட்டி.

சங்கரபாண்டி தொழுவம். பன்னிரண்டு மாடு, அத்தனையும் கோமாரி. நாக்குத் தோல் உரிந்து கையோடு வருகிறது. குளம்பு இடுக்கில் புழு. இரண்டு கன்று செத்துவிட்டது. ஒன்றை அறுத்தேன். இதயத்தில் புலிக்கோடு, பட்டை பட்டையாக வெளுப்பு. இந்த நோய் கன்றைக் கொன்றால் இப்படித்தான்.

ச.பா.வின் முடிவு வேறு. "அந்தப் பட்டாளத்தான் காளைதான் டாக்டரம்மா. இங்க எல்லாத்துக்கும் நொரை தள்ளுது, அதுக்கு மட்டும் ஒண்ணுமில்ல. அப்ப அதுதான கொண்டாந்துச்சு?"

பட்டாளத்தான் என்றால் அருணாசலம். மிலிட்டரியிலிருந்து வந்து ஒரே ஒரு காளை வளர்க்கிறார். பெயர் மேஜர். பத்து நாள் முன்னால் இங்கே பசுவுக்கு விட்டிருக்கிறார். காளைக்கு ஒன்றும் இல்லாததன் காரணம் நான் ஆகஸ்டில் போட்ட தடுப்பூசி. அதே நாளில் ச.பா. பால் வற்றிவிடும் என்று எங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

காளை ரத்தம், மாடுகள் ரத்தம் இரண்டும் எடுத்து, ஐஸில் வைத்து லேபுக்கு அனுப்பியாயிற்று. பொட்டாசியம் பெர்மாங்கனேட் தீர்ந்துவிட்டது, எழுதிப்போட வேண்டும். செருப்பு அறுந்துவிட்டது.

7.11 புதன்
வெயில், புழுக்கம். ஆறு நாளாக ச.பா. ரிசல்ட் கேட்டுத் தினமும் வந்து மேசை முன் நிற்கிறார். இன்று டிரங்க் கால் கிடைத்தது. லேப்காரர்: காளை ரத்தத்தில் கோமாரி எதிர்ப்பொருள் இருக்கிறது.

நோயோடு சண்டை போட உடம்பு உண்டாக்குவது அது; ஊசி போட்டாலே இருக்கும். எனக்குத் தெரியும்.

"இருக்கா இல்லையா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க."

"இருக்கு" என்றேன். ஆள் போனால் போதும் என்றிருந்தது. அடுத்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. போய்விட்டார். நிம்மதியாக டீ குடித்தேன்.

8.11 வியாழன்
கை இன்னும் நாறுகிறது. மூன்று முறை சோப்பு.

காலை எட்டுக்குக் கம்பவுண்டர் பிச்சையா சைக்கிளில் வந்து, "அம்மா, காளைய வெட்டிட்டானுவ" என்றார். ச.பா.வும் இரண்டு மச்சினன்களும். அருணாசலம் காளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாராம். முதல் வெட்டு பின்னங்கால் நரம்பில். காளை உட்கார்ந்துவிட்டது. அடுத்தது கழுத்தில், பாதி. மூன்றாவதற்கு அவர் கையைக் குறுக்கே கொடுத்திருக்கிறார். வலது கை, மூன்று விரல். யாரோ மஞ்சப் பையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டு அவரோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள்.

நான் போனபோது மேஜருக்கு உயிர் இருந்தது. முன்னங்காலை ஊன்றி எழப் பார்க்கிறது, சரிகிறது, மறுபடி ஊன்றுகிறது. ஊசி போட்டு முடித்து வைத்தேன். உயிர் போக வெகுநேரம் ஆனது. காதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அங்கேயே அறுத்துப் பார்த்தேன். இதயம் சிவப்பாக, சுத்தமாக. ஒரு கோடு இல்லை.

பம்புசெட்டில் அரிவாள் கழுவிக்கொண்டிருந்த ச.பா. எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "டாக்டரம்மாவே இருக்குன்னு சொல்லிட்டாவ. சீக்கு மாட்ட வெட்டுனா என்ன கேசு?"

அவன் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. பிறகு என் கன்னத்தில்.

9.11 வெள்ளி
தூறல். லேபுக்குக் கடிதம்: மிச்ச ரத்தத்தில் இரண்டாவது பரிசோதனை செய்யவும்.

காலேஜ் நோட்டைத் தேடி எடுத்தேன். வைரஸ் செல்லுக்குள் புகுந்ததும் சில புரதங்களைச் செய்யவைக்கிறது. வெளியே கிளம்பும் வைரஸின் கூட்டில் இவை இருக்காது. உள்ளே அட்டூழியம் செய்ய மட்டும். ஒன்று செல்லின் சொந்த உற்பத்தியை முடக்கும். ஒன்று நீளப் புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கும். ஒன்று நகல் எடுத்துத் தள்ளும். கடைசியில் செல் உடைந்து சாகும்.

தடுப்பூசியில் செத்த வைரஸ். அது பெருகாது, நகல் எடுக்கும் புரதமும் உண்டாகாது. அந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் இருந்தால் நோய் உள்ளே பெருகியிருக்கிறது. இல்லையென்றால் வெறும் ஊசி. இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். மடச்சி.

12.11 திங்கள்
ஏட்டையா வந்தார். "நீங்க சொன்னதாச் சொல்றாங்க, உண்மையா?" முழு ரிசல்ட் வரவில்லை என்று மழுப்பினேன். எழுதிக்கொண்டு போனார்.

மதியம் ச.பா. மனைவி மருந்துக்கு வந்தாள். மூன்றாவது கன்றும் போய்விட்டது.

"நாங்க பாத்துப் பாத்துத்தான் செஞ்சோம் டாக்டரம்மா. தீபாவளிக்கு மறுநா தேவதானத்துல வாங்குன கறுப்பிக்கு, வந்த அன்னைக்கே வாயில நொரை. அவிய உடனே அந்த எச்சில துணியில தொட்டு எல்லா மாட்டு வாயிலயும் தேச்சிட்டாவ. ஒரே வீச்சுல வந்துட்டு ஒரே வீச்சுல போயிருமாம். எங்க மாமனாரும் இப்படித்தான் செய்வாவ. பொறவு அந்தக் காளை வந்துதான் எல்லாம் கெட்டுச்சு."

தன் கையால் மிச்சப் பதினொரு வாயிலும் தேய்த்திருக்கிறான். அது அவனுக்கு வைத்தியம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. மருந்தைக் கட்டிக் கொடுத்தேன்.

16.11 வெள்ளி
கடிதம் வந்தது. நகல் புரதத்துக்கு எதிர்ப்பொருள்:
கறுப்பி – அழுத்தமாக உண்டு.
மேஜர் – இல்லை.

கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

17.11 சனி
மழை இல்லை. கடிதத்தோடு ஆஸ்பத்திரி வார்டு. அருணாசலம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விரல்கள் ஒட்டவில்லை.

"மேஜருக்குச் சீக்கு இருந்துச்சா?"

"இல்லண்ணாச்சி. ஊசி போட்டது மட்டுந்தான்."

"அப்ப நீங்க இருக்குன்னு சொன்னது?"

எல்லாம் சொன்னேன். ஆறு நாள் நச்சரிப்பு, ஒத்த வார்த்தை, டீ. ஏட்டையாவிடம் மழுப்பியது. அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இடது கையால் பெட்டியைத் திறந்து பேப்பரும் பேனாவும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஸ்டேஷனுக்கு மனு எழுதணும். எனக்கு எழுத முடியாது. நீங்க எழுதுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தேதி, இடம், காளையின் நிறம், வெட்டின மூவர் பேர். முடிந்தது என்று நினைத்துப் பேனாவை மூடினேன்.

"மூடாதீய. காளைக்குச் சீக்குன்னு சொன்ன ஆள் பேரையும் போடுங்க."

போட்டேன்.