ஈறில் தெரிந்தது

பிப்ரவரி 4

வாஷ்பேசினில் மறுபடியும் ரத்தம். "புது பிரஷ். கொஞ்சம் முரடு, உங்கள மாதிரியே," என்றாள் என் மனைவி. சிரித்தபோது பார்த்தேன். ஈறு வீங்கிப் பல்லைப் பாதி மூடியிருந்தது. எப்போதிலிருந்து இப்படி? கேட்பதற்குள் பள்ளிக்கு ஓடிவிட்டாள். அவள் பாடம் எடுக்கும் ஏழாம் வகுப்புக்கு இன்று கணக்குப் பரீட்சை. நானும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க டிரைவிங் ஸ்கூலுக்குக் கிளம்பினேன்.

பிப்ரவரி 7

உப்புத் தண்ணீரில் கொப்பளித்தும் பலனில்லை. பள்ளி மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாளாம். "ஆளுக்கொரு பக்கம் தூக்கிட்டுப் போகட்டுமா மிஸ்னு பசங்க கேக்குதுங்க," என்று அதையும் வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

பிப்ரவரி 8

மச்சினி பல் டாக்டர். பல்லைச் சுத்தம் செய்யத்தான் அவள் கிளினிக்குக்குப் போனோம். நாற்காலியில் சாய்ந்த பிறகும் இவள் பேச்சை நிறுத்தவில்லை.

"வாயத் திறன்னு சொன்னது பேசுறதுக்கு இல்லக்கா," என்று மச்சினி விளக்கை இழுத்தாள். அப்புறம் கிண்டலே இல்லை. மேலண்ணத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்தாள். முழங்கைக்கு மேலே நீலமாகக் கன்றியிருந்தது.

"எங்க இடிச்சுக்கிட்ட?"

"ஞாபகம் இல்லடி."

"இன்னிக்கு சுத்தம் பண்ண வேணாம். மொதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணிடலாம். இப்பவே."

"பல்லுக்கு வந்தா ரத்தம் எடுப்பியா? அப்போ கண்ணுக்குப் போனா கால்ல கட்டுப் போடுவாங்களா?"

இவள் முகம் கழுவப் போன நேரத்தில் மச்சினி என் அருகில் வந்தாள். "அத்தான், அவ பல்லுல அழுக்கே இல்ல. அழுக்கு இல்லாம ஈறு இப்படி வீங்காது. அண்ணத்துல சிவப்புப் புள்ளி வேற."

"என்ன நினைக்கிறே?"

"நான் நினைக்கிறது தப்பா இருக்கணும்."

பிப்ரவரி 9

ரிசல்ட் வந்துவிட்டது. வெள்ளை அணுக்கள் கண்டபடி ஏறியிருக்கின்றன. மச்சினி வீட்டுக்கே வந்தாள். வராந்தாவில் நின்று, யார் சொல்வது என்று இருவரும் தடுமாறிக்கொண்டிருந்தோம். இவள் கதவைத் திறந்தாள்.

"என்ன குசுகுசுன்னு? என் உடம்பு. எங்கிட்ட சொல்லுங்க."

மச்சினிதான் சொன்னாள். நான் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 12

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் அதையேதான் சொல்கிறது. ரத்தப் புற்று, வேகமாகப் பரவும் வகை. "ஈறுல கை வைக்காம அனுப்பினாங்களே, நல்லதாப் போச்சு. ரத்தம் நிக்காமப் போயிருக்கும்," என்றார் டாக்டர். இன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது.

பிப்ரவரி 20

மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து வாய் முழுக்கப் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை. எதற்கும் கையசைப்புதான். இவளா இது?

யார் மேல கோபப்படுறது? ஏன் இவளுக்கு — அப்போ வேற யாருக்கு வந்தா பரவால்லன்னு சொல்வேன்? தெரியல. ஒண்ணும் தெரியல.

பிப்ரவரி 26

கடும் காய்ச்சல். ஐசியுவுக்கு மாற்றிவிட்டார்கள். வெளியே பெஞ்சில் மச்சினி உடைந்துபோனாள். "நான் பாக்காமலே இருந்திருந்தா, அவ இப்போ வீட்ல சிரிச்சுக்கிட்டு இருப்பா, அத்தான்."

"எத்தனை நாளைக்கு?" என்றேன்.

மார்ச் 1

காய்ச்சல் இறங்கியிருக்கிறது.

மார்ச் 19

மஜ்ஜையில் கெட்ட அணுக்கள் தென்படவில்லையாம். "முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல, இன்னும் மருந்து இருக்கு," என்று உடனே சேர்த்துச் சொன்னார் டாக்டர். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? இரண்டும் பட்டேன்.

ஜூலை 6

கார் பழக வந்த பெண் சிக்னலில் கொட்டாவி விட்டாள். "மூடாதம்மா, அப்படியே இரு," என்று குனிந்து அவள் ஈறைப் பார்த்துவிட்டேன். பாவம், மிரண்டுபோய் இன்ஜினை அணைத்துவிட்டாள். பின்னால் ஒரே ஹாரன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவளுக்கு இப்போதுதான் தலையில் முடி பூனை ரோமம் போல முளைத்திருக்கிறது. அதைத் தடவிக்கொண்டே கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஒருநாள் உங்கள போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கப் போறாங்க."

சிரித்து முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, தானாகவே வாயைத் திறந்தாள்.

"ம், பாத்துக்கோங்க. பாக்காம உங்களுக்குச் சோறு இறங்காது."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன்.