இடது பிரேக்

நவ. 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. வீடு முழுக்க ஈரத்துணி நாற்றம்.

என் ஸ்கூட்டர் வண்டியை இன்றும் ஜாஸ்மின் எடுத்துப்போனாள். எனக்கு இந்த வாரம் பி ஷிஃப்ட், மதியம் ஒன்றேகாலுக்குக் கம்பெனி பஸ். ஸ்டாப்புக்கு நடந்தே போனேன். குடை இருந்தும் யூனிஃபார்ம் பேண்ட்டில் முழங்கால் வரை சேறு. பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். இருப்பது ஒரே நாத்தனார், அவளிடம் எப்படி இல்லை என்பது? "அண்ணி, சாவி" என்று கேட்கும்போதே கையை நீட்டிவிடுகிறாள். திரும்பி வரும்போது பெட்ரோல் முள் அடியில் படுத்திருக்கும்.

வாங்க: ரவை, துணி சோப்பு, கொசுவர்த்தி.
வண்டி: இடது பிரேக். (மூன்றாவது வாரமாக இதே பட்டியலில்.) சில சமயம் கடைசிவரை அமுக்கினாலும் பிடிப்பதில்லை. நான் முன் சக்கரத்து வலது பிரேக்கை மெல்ல மெல்லப் பிடித்து (இறுக்கினால் சறுக்கும்) ஓட்டிவிடுகிறேன், பழகிவிட்டது.

கம்பெனியில் என் 14ஆம் நம்பர் தையல் மெஷின் தகராறு. மிதியை விட்ட பிறகும் ஊசி ஒரு குத்து குத்துகிறது. மெயின்டனன்ஸ் ஆள் வியாழன்தான் வருவாராம். அடுத்த ஷிஃப்டுக்கான ஹேண்டோவர் நோட்டில் சிவப்பு மையில் எழுதி, மெஷின் மேலும் ஒரு சீட்டு ஒட்டினேன். காலையில் அதில் உட்காரப்போவது தேவி. அவளுக்கு எப்படித் தெரியும், பாவம்.

நவ. 5, புதன்

கம்பெனிக்கு லீவு. ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்தேன்.

காலை எட்டு மணிக்கு ஜாஸ்மின் விழுந்துவிட்டாள். சேரப்பணஞ்சேரி தாண்டி, மண் லாரிகள் திரும்பும் இடம். முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றச் சட்டென்று நின்றதாம். ரோடு முழுக்க மழைச் சேறு. வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. பின்னால் வந்த கன்டெய்னர் லாரி அவள் தலைக்கு நாலடி தள்ளி நின்றிருக்கிறது. நாலடி.

ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் தங்கச்சியைப் பிடித்துக் கத்தினார். "பொறுமையா ஓட்டத் தெரியாது உனக்கு? எவன் மேலயாச்சும் வுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்? வண்டி உங்க அண்ணி பேர்ல கீது. ஸ்டேஷன்ல அவதான் நின்னுகினு இருப்பா."

ஜாஸ்மின் கண்ணைத் திறக்கவே இல்லை. "என் தப்புதாண்ணா. பயத்துல வலது பிரேக்க இறுக்கிப் புடிச்சிட்டேன். வண்டிய வேற கெடுத்துட்டேன் அண்ணி."

அதற்கு நான் சொன்னது: "மெதுவா போ, மெதுவா போன்னு எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்."

ஒரு வாட்டிகூடச் சொன்னதில்லை.

நவ. 6, வியாழன்

மழை விட்டது. இன்றும் லீவு கேட்டேன், கிடைக்கவில்லை.

ஷிஃப்ட் மாறும்போது தேவி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். "யக்கா, நீங்க மட்டும் எழுதிப் போடலைன்னா நேத்து என் வெரலு போயிருக்கும். நீங்க நல்லா இருக்கணும்க்கா." சூப்பர்வைசர் வேறு, ஹேண்டோவர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எல்லார் முன்னாலும் நோட்டைத் தூக்கிக் காட்டினார். பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜாஸ்மினுக்குத் திங்கட்கிழமை வேலைக்கான மெடிக்கல் டெஸ்ட். இருங்காட்டுக்கோட்டை ஃபேக்டரியில் மூன்று வருஷம் கான்ட்ராக்டில் நின்று, இப்போதுதான் பர்மனென்ட் லிஸ்டில் பெயர் வந்தது. போன் செய்து கேட்டாளாம். கட்டுப்போட்ட கையோடு வரவேண்டாம், அடுத்த பெயரைக் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த லிஸ்ட் எப்போது என்று யாருக்கும் தெரியாதாம்.

நவ. 8, சனி

ரவை வாங்கவில்லை. கொசுவர்த்தியும்.

வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். கண்ணாடி, ஹேண்டில் எல்லாம் பார்த்துவிட்டு இடது பிரேக் கேபிளை உருவிக் காட்டினார். "இது வுழுந்ததுல போனது இல்லக்கா. ரொம்ப நாளா தேஞ்சிகினு இருந்திருக்கு. இத்த வச்சிகினு எப்டி ஓட்னீங்க?"

தெரியாது என்றேன்.

தூக்கிப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வாங்கி, சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். எதற்கு வாங்கினேன் என்று எனக்கே புரியவில்லை.

நவ. 9, ஞாயிறு

கோயிலில் ஜாஸ்மினுக்காக ஜெபம். உயிர் தப்பியதற்கு நன்றி. முட்டி போட்டிருந்தேன், எல்லாரும் முடிப்பதற்கு முன்பே எழுந்துவிட்டேன்.

மதியம் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். "பொண்ணுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ வேகம்?" ஜாஸ்மின் தலையைக் குனிந்தபடி, "ஆமா பெரிம்மா, ஆமா பெரிம்மா." நான் எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். பிரேக் விஷயம் எனக்கு மறந்துபோகவில்லை. புதன் காலை சாவியைக் கொடுக்கும்போது நாக்கு நுனிவரை வந்தது. முந்தின நாள் சேற்றில் நடந்த கோபம். கொஞ்சம் பயந்தால் நாளையிலிருந்து கேட்கமாட்டாள் என்று நினைத்தேன். பயப்படட்டும் என்றுதான். விழட்டும் என்று இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் மழை பெய்துகொண்டிருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

நவ. 11, செவ்வாய்

வெயில். இந்த வாரம் ஏ ஷிஃப்ட், மூன்றரைக்கு வீடு.

ஜாஸ்மின் இடது கையில் ஸ்பூன் பிடித்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதி மடியில். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பையிலிருந்து கேபிளை எடுத்து அவள் தட்டு பக்கத்தில் வைத்தேன்.

"இன்னா இது?"

"இடது பிரேக். நீ வுழறதுக்கு முன்னாடியே போயிடுச்சி. நீ வேகமா ஓட்டல ஜாஸ்மின்."

"உனக்கு எப்போலருந்து தெரியும்?"

"மூணு வாரமா."

"சாவி குடுக்கும்போது மறந்துட்டியா அண்ணி?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அவளே வழிவிட்டாள். மறக்கவில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே எழுதியதை அப்படியே சொன்னேன். மழை உட்பட.

ஸ்பூனைக் கீழே வைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. கேபிளை இடது கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகத்தான் கேட்டாள்.

"தரமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல அண்ணி? நான் பஸ்ல போயிருப்பேன்."

தட்டை எடுக்கப் போனேன். விடவில்லை, இடது கையாலேயே எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அண்ணன் வந்ததும் நீயே சொல்லு. பெரிம்மாவுக்கும் நீயே போன் பண்ணு. நான் சொல்ல மாட்டேன்."

அவர் ஆறு மணிக்கு வருவார். கேபிளை டிவி பக்கத்தில், வந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கிறேன். இப்போது ஐந்து ஐம்பது. எப்படி ஆரம்பிப்பது என்று

கேட் சத்தம்.