கோடு வரைக்கும் தண்ணீர்

என் மூத்தவனுக்கு அம்மா எழுதுவது. கப்பலில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, முதுகு வலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. போனில் நீ கேட்டபோதெல்லாம் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்றேன், உன் மனைவி பக்கத்திலேயே இருந்தாள், அதோடு உன் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்ல எனக்குத் துணிச்சலும் இல்லை. நாளை மறுநாள் உன் கப்பல் கரை தொடும்போது இந்தக் கடிதம் கைக்குக் கிடைக்கும் என்று கம்பெனி ஆபீசில் சொன்னார்களாம், உன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் பிள்ளை பிறந்து இன்றோடு பன்னிரண்டு நாள். ஒன்றரைக் கிலோகூட இல்லை, வார்டில் எல்லோரும் பொடிசு என்றுதான் கூப்பிடுகிறார்கள். உன்னை மாதிரியே தூக்கத்தில் புருவத்தைச் சுளிக்கிறான், யார் மேல் கோபமோ. எட்டாம் மாதமே வந்துவிட்டானே, நெஞ்சுக்கு இன்னும் பலமில்லை, மூக்கில் மெல்லிய குழாய் வைத்து ஆக்சிஜன் விடுகிறார்கள். நான் இருபத்திரண்டு வருஷம் ஆயாவாக இருந்த அதே வார்டு, அதே பச்சைக் கதவு. அந்த ஆக்சிஜன் வெறும் காய்ந்த காற்றடா, அப்படியே விட்டால் பிஞ்சு மூக்கு காய்ந்து ரத்தம் கசியும், அதனால் ஒரு பாட்டில் தண்ணீருக்குள் விட்டு ஈரமும் வெதுவெதுப்புமாக அனுப்புவார்கள். அந்தப் பாட்டிலைத் தினமும் கொட்டிக் கழுவிக் காயவைத்து, காய்ச்சி வடித்த புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பழைய தண்ணீரின் மேலேயே ஊற்றினால் கிருமி பிடித்து நேரே நெஞ்சுக்குள் போய்விடும். இது எனக்குத் தெரியாததா?

முந்தாநாள் காலையில், நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்த ஆயா பாட்டிலைக் கழற்றினாள். கழுவவில்லை, அடியில் கிடந்த பழைய தண்ணீரோடேயே பாட்டிலில் போட்டிருக்கும் கோடு வரைக்கும் ஊற்றி மாட்டிவிட்டுப் போனாள். பார்த்துக்கொண்டே நின்றேன், வாய் திறக்கவில்லை. நேற்றும் அப்படியே. இன்று காலையிலிருந்து பொடிசுக்கு உடம்பு ஒரு நேரம் கொதிக்கிறது, ஒரு நேரம் சில்லிடுகிறது, பால் இறங்கவில்லை, மூச்சு விடும்போது விலாவெல்லாம் உள்ளே இழுக்கிறது. ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர இரண்டு நாளாகும்.

அந்த ஆயாவை நடையில் மறித்து, அறிவிருக்கா உனக்கு, யாருடி இப்படிப் பண்ணச் சொல்லிக் குடுத்தது என்று கத்திவிட்டேன். அவள் மலங்க மலங்க விழித்தாள். நீங்கதானக்கா, வந்த முதல் நாளே காட்டிக் குடுத்தீங்களே, சிஸ்டர் கோட்டை மட்டும்தான் பாப்பாங்க, தண்ணி அதுவரைக்கும் நின்னா போதும்னீங்களே என்றாள்.

ஆமாம், நான்தான். அதனால்தான் இரண்டு நாள் வாயைப் பூட்டிக்கொண்டிருந்தேன். முப்பது பாட்டில், நான் ஒருத்தி, எல்லாவற்றையும் கழுவினால் இடுப்பு ஒடியும், நானும் மேலேயே ஊற்றிவிடுவேன். என் கடைசி வருஷத்தில் ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகளுக்குக் காய்ச்சல், ஒன்று வீடு திரும்பவில்லை. பாட்டிலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் குழந்தையின் தாய் பச்சைக் கதவில் தலையைச் சாய்த்து நின்ற இடத்தில்தான் இப்போது உன் மனைவி நிற்கிறாள். பெரிய சிஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாட்டில்களையெல்லாம் உடனே மாற்றிவிட்டார்கள். பெரிய சிஸ்டர் என்னைத் திட்டக்கூட இல்லை, வெளியில் உட்காருங்க என்று மட்டும் சொன்னார். இப்போது பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

உன் மனைவியிடம் நானே சொல்வேன், நீ முந்திக்கொள்ளாதே. என் மேல் கோபமிருந்தால் வந்து திட்டு, ஆனால் வா. கடல் தாயும் கடவுளும் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. நான் வந்துதான் பேர் வைப்பேன் என்றாய், நாங்களும் காத்திருந்தோம். இனிக் காத்திருக்க வேண்டாம். கரை தொட்டதும் போன் செய்து பேரைச் சொல்லிவிடு. பேரில்லாமல் அவன் எங்கேயும் போய்விடக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா