வழிமறித்த படங்கள்

ஆவணி, வெள்ளி இரவு.

திருவாசக முற்றோதலுக்குக் கோயில் அனுப்பிய அழைப்பு எனக்கு வந்து சேரவில்லை. சில நாட்களாக மின்னஞ்சல் எதுவுமே இறங்கவில்லை. பலாபத்வல ஊரில் கணினிக் கடை வைத்திருக்கும் நஸீர் இன்று வீட்டுக்கு வந்து காரணத்தைக் கண்டறிந்தார்.

“ஐயா, ஒரு மெயில் பெரிசா இருக்கு. அது சேர்வர்ல சிக்கி, பின்னுக்கு வாறத எல்லாம் மறிக்குது. மகள் அனுப்பின போட்டோ. பார்த்துட்டு அழிக்கவா?”

என்னைக் கேளாமல் மணம் முடித்தவள் அவள்.

“பார்க்கத் தேவையில்லை. அழியுங்கோ.”

அவர் சற்றுத் தயங்கி அழித்தார். மற்றவை வரிசையாக இறங்கின. கோயில் அழைப்பும் வந்தது. அதன் கீழே மகளின் சிறு மடல்:

“அப்பா, பேரனைப் பார்த்தீங்களோ? உங்கட நெற்றிதான். திருமுறை பார்த்து நீங்களே ஒரு பேர் எடுத்துத் தாங்கோ.”

மாலையில் இறைவனின் ஆயிரம் திருநாமங்களையும் வழுவாது ஓதினேன். அவளுக்கு ஒன்றும் அனுப்பவில்லை.