உப்புத் தண்ணீர் படாத கீரை

சின்ன காஞ்சிபுரம்
19.8.2007

அன்புள்ள ரக்ஷாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். பெருமாள் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சௌக்கியம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். புனேயில் மழை விடவில்லை என்று செய்தியில் பார்த்தேன், ஈரத் தலையோடு வெளியே ஓடாதே. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் மற்றதைப் போனில் சொன்னால் பாதியிலேயே நீ என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாய். தேற்றக்கூடிய விஷயம் இல்லை இது.

நீங்கள் விற்பனைக்கு அனுப்பிய அறுபது பொட்டலம் உலர்ந்த முருங்கைக்கீரை வைக்கோல் வாடை அடிக்கிறது என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டதாகவும், உலர்த்திக் கொடுக்கும் கிரேஸ் அலட்சியமாகச் செய்திருக்கிறாள், ஓரிக்கையில் வேறு ஆள் பார் என்றும் எழுதியிருந்தாய். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் கீரையை முக்கி எடுத்த பிறகே வெயில் பெட்டியில் உலர்த்த வேண்டும் என்று நீயும் உன் சிநேகிதர்களும் அவளுக்கு எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தீர்கள். அந்தத் தடவை அவள் முக்கவில்லை, உண்மைதான். அதற்குக் காரணம் நான்.

ஒவ்வொரு தடவையும் ஒரு பொட்டலம் எனக்கு வரும், நான் ருசி பார்த்து நன்றாக இருக்கிறது என்று உனக்குச் சொன்ன பிறகுதான் மூட்டை லாரி ஏறும் என்பது ஏற்பாடு. ரக்ஷா, மார்கழியிலிருந்து ஒன்றைக்கூட நான் வாயில் வைக்கவில்லை. உப்போடு வெந்தது நம் ஆசாரத்தில் பத்து, தொட்டாலே கை அலம்ப வேண்டியது, அதுவும் வேறொரு வீட்டில், அவர்கள் கையால். இதை மனதுக்குள்கூட முழு வாக்கியமாக நான் சொல்லிக்கொண்டதில்லை. எதிர்வீட்டு மாட்டுக்குப் போட்டுவிட்டு உனக்குப் பிரமாதம் என்றேன். நாவல்களில் இப்படிப்பட்ட மனுஷிகள் வந்தால் எரிச்சலோடு பக்கத்தைப் புரட்டுகிறவள் நான்.

ஸ்டேப்ளர் பின்னைக்கூட எடுக்காத பொட்டலம் ஜன்னலில் கிடந்ததை ஒருநாள் கிரேஸ் பார்த்துவிட்டாள். அடுத்த தடவை வந்து, "யம்மா, உப்புத் தண்ணில வெந்தா நீங்க தொட மாட்டீங்களாமே, எங்க வூட்டுக்காரரு ஆட்டோல வர்ற ஒரு மாமி சொன்னாங்களாம். பொட்டி ஒண்ணுதானே இருக்குது, அதான் மொத்தத்தையும் பச்சையாவே காய வெச்சுக்கினு வந்தேன். இப்பவாச்சும் சாப்பிட்டுப் பாருங்க" என்றாள், வாசற்படியில் நின்றபடி. ஐயோ, முக்காமல் விட்டால் கெட்டுவிடுமே என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். மறுநாள் அவள் முகத்தைப் பார்த்தே, சாப்பிட்டேன், நன்றாக இருந்தது என்றேன். அதையும் மாடுதான் தின்றது.

நேற்று ஓரிக்கைக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப எட்டு மாசமா எனக்கு மார்க் போட்டது மாடுதானா?" என்று கேட்டுச் சிரித்தாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு, முக்காமல் விட்டது தன் தப்புதான் என்று அவளே சொன்னாள். "ஆனா யம்மா, நல்லா இருந்துச்சுன்னு நீங்க சொன்ன அன்னிக்கு அவருகிட்ட போயி எவ்ளோ பெருமையா சொன்னேன் தெரியுமா" என்றாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கிரேஸை நீக்காதே. இந்தக் கடிதத்தை உன் சிநேகிதர்களுக்கும் படித்துக்காட்டு, என் பெயரைக் காப்பாற்ற நினைக்காதே. ருசி பார்க்கும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிடு. நேற்று அங்கேயே உட்கார்ந்து அவள் வதக்கிக் கொடுத்த கீரையைச் சாப்பிட்டேன். அதோடு கடிதத்தை முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்து, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்பைத் தொட்டேன். அப்பா ஏன் இந்த நேரத்தில் குளியல் என்று கேட்டார், புழுக்கம் என்றேன்.

நீ தீர்க்காயுசாக, என்னைவிட நல்லவளாக இரு. எனக்குப் பதில் எழுதுவதற்கு முன் கிரேஸுக்கு எழுது, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
தாரா