அழித்த சாக்பீஸ் வட்டங்கள்

சனிக்கிழமை, இரவு.

நாளை அரியலூர் ஸ்டேஷனில் பழைய ரயில் விழா. வெளியூரிலிருந்து வந்த நீராவி இன்ஜினைத் தன்னார்வலர்கள் ஆறு பேர் பகலெல்லாம் துடைத்தோம். குழாய்களில் இருந்த சாக்பீஸ் வட்டங்களை அழுக்கென்று நினைத்து நான் அழித்துவிட்டேன்.

மதியம், இன்ஜினோடு வந்த ஃபிட்டர் பதறிப்போனார். "தண்ணி கசியுற எடத்துக்கெல்லாம் குறி போட்டிருந்தேன். யாருங்க அழிச்சது?"

யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அவர் இன்ஜினுக்கு அடியில் படுத்து மறுபடி தேடினார். ஐந்து கசிவுகளில் நான்குதான் கிடைத்தன. "அஞ்சாவது கெடைக்காம நெருப்பு போட மாட்டேங்க" என்றார்.

இன்ஜின் ஓடுவதைப் பார்க்க என் வகுப்புப் பிள்ளைகள் வருகிறார்கள். பொழுது சாய்ந்த பிறகு போய்ச் சொன்னேன். "நான்தாங்க அழிச்சேன். அஞ்சாவது பின்சக்கரத்துக்கு மேல இருந்துச்சு."

தடவிப் பார்த்தார். ஈரம். ஸ்பேனரை எடுத்துக்கொண்டே கேட்டார். "மதியமே சொல்லியிருக்கலாமே, டீச்சர்?"

நாளை வண்டி ஓடிவிடும். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பதென்றுதான்...